பரிசில்லா நாற்பத்தைவர்

1928-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கண்டத்தையே கடக்கும் ஓட்டப் பந்தயம் ஒன்று நிகழ்ந்தது. மார்ச் 4-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரினின்று 199 பேர் புறப்பட்டனர். மே 26-இல் நியூயார்க்கை எட்டியோர் 55 பேரே. தொலைவு ஏறத்தாழ 5,500 கிலோமீட்டர். நம் டில்லி–சென்னை இருப்புப்பாதையைப்போல் இரண்டரை மடங்கு! அன்றாடம் ஓடிய நேரத்தைக் கூட்டிவந்தனர். மொத்தம் குறைந்தவரே முதல்வர்.

பாலை வெயிலும் வெடித்த பாதங்களும் பலரை வீழ்த்தின. பல மணி நேரம் முந்தியிருந்த இங்கிலாந்து வீரர் பீட்டர் கவுட்சியை வீழ்த்தியதோ பல்! சொத்தைப் பல்லால் உணவை மெல்ல இயலாது வலுவிழந்து, ஒஹையோ மாநிலத்தில் விலகினார். ஓக்லஹோமாவைச் சேர்ந்த செரோக்கி இனத்து இளைஞர் ஆண்டி பெய்ன், இருபதே வயதினர், 573 மணி நேரத்தில் வென்றார். 25,000 டாலர் பரிசைக்கொண்டு பெற்றோரின் பண்ணைக் கடனைத் தீர்த்தார்.

அவரைப் புகழாதார் இல்லை. எனினும் என் நெஞ்சம் ஏனையோரிடமே செல்கிறது. பரிசு முதற் பத்துப் பேருக்கு மட்டுமே. எஞ்சிய 45 பேரில் பெரும்பாலோர்க்கு, தமக்கு ஒரு காசும் கிட்டாது என்பதை நேரக் கணக்கே பல நாள் முன்னதாக உணர்த்தியிருக்கும். ஆயினும் மறுநாட் காலையில் புண்ணுக்குக் கட்டிட்டுக்கொண்டு வரிசையில் வந்து நின்றனர்.