துவக்கு வாங்குமுன் துணைவியைக் கேளுங்கள்

வீட்டுக்குப் புதிதாக ஒரு பொருள் வந்தால் மனைவி கேட்கும் முதற் கேள்வி, "எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்பதாகும். அடுத்த கேள்வி, "இது இப்போது தேவைதானா?" என்பது. எல்லா நாட்டு வீடுகளிலும் எழும் கேள்விகள்தாம் இவை. ஆனால் வந்திருக்கும் பொருள் ஒரு துவக்காக இருந்தால்?

நம் நாட்டில் அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருக்க முடியாது. ஆகவே நமது வீடுகளில் இந்தப் பேச்சு எழுவது அரிது. அமெரிக்காவிலோ இது அன்றாட விஷயம். 2023இல் பியூ ஆய்வு நிலையம் நடத்திய கணக்கெடுப்பில் ஆண்களில் 40 சதவீதத்தினரும் பெண்களில் 25 சதவீதத்தினரும் தம்மிடம் துவக்கு இருப்பதாகக் கூறினர். மேற்கு நாடுகளில் குடியேறி வாழும் நம்மவர்களும் அண்டை வீட்டாரைப் பார்த்து இதைப் பற்றி யோசிக்கக்கூடும். எனவே இதைச் சற்று ஆராய்வோம்.

சிரிப்புக்குள் ஒரு பொய்

துவக்குப் பிரியர்களிடையே அந்நாட்டில் ஒரு பகிடி உலவுகிறது. நான் மௌத்தான பிறகு, நான் சொன்ன விலைக்கே என் மனைவி இவற்றை விற்றுவிடுவாளோ என்பதுதான் என் கவலை என்று கணவன் சொல்கிறானாம். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் இருப்பது என்ன? விலையை மறைத்த ஒரு பொய். புதிதாக வாங்கியதைப் பழையவற்றோடு சேர்த்து வைத்து, "இது எப்போதோ வாங்கியது" என்பது இன்னொரு பொய்.

இது வெறும் பகிடியல்ல. வீட்டில் துவக்கு உண்டா என்று கேட்டால், "உண்டு" என்று சொல்லும் கணவன்மாரின் தொகை, அவ்வாறு சொல்லும் மனைவிமாரின் தொகையை விட அதிகமாக இருப்பதை 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. சில மனைவிமார் சொல்ல விரும்பாதிருக்கலாம். தன் வீட்டில் துவக்கு இருப்பதே தெரியாமல் சிலர் உறங்கியிருக்கவும் கூடும்.

மனைவியர் மூவகை

துவக்கு வந்ததும் மகிழ்பவர்களும் உண்டு. கணவன் இரவு வேலைக்குச் செல்பவராயிருந்தால், அல்லது அயலில் வீடில்லாத இடத்தில் குடியிருந்தால், அது ஒரு துணை என்று அவர்கள் கருதுகிறார்கள். சிலர் தாமும் சுடப் பழகுகிறார்கள்.

இரண்டாம் வகையினர் பணத்துக்காகக் கோபிப்பவர்கள். பிள்ளையின் படிப்புச் செலவு நிலுவையில் இருக்க, இன்னொரு துவக்கு எதற்கு என்பது அவர்களது கேள்வி. அது நியாயமான கேள்வி.

மூன்றாம் வகையினர் பயப்படுபவர்கள். பணத்தைப் பற்றிய கோபம் வாய்விட்டு வரும். பயமோ பெரும்பாலும் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். கணவனின் கோபத்தையும், சில நாட்களில் அவர் எவருடனும் பேசாமல் இருண்டு கிடப்பதையும் கண்டவள் மனைவி. அவளது மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது பெரும் தவறு.

அந்தப் பயம் வீணானதா?

அமெரிக்காவில் துவக்கால் இறப்பவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொள்பவர்கள். கலிபோர்னியா மாநிலத்தில், சொந்தமாகக் கைத்துப்பாக்கி இல்லாத 1 கோடி 70 இலட்சத்துக்கும் அதிகமான வயது வந்தோர் பற்றிய 2004 முதல் 2016 வரையான தகவல்களை ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2022இல் வெளியிட்டனர். கைத்துப்பாக்கி உள்ளவரோடு ஒரே வீட்டில் வாழ்வோர் கொலையுண்ட வீதம், மற்றையோரை விட இரு மடங்குக்கு மேல் இருந்தது. வாழ்க்கைத் துணையால் சுட்டுக் கொல்லப்பட்ட வீதமோ ஏழு மடங்கு. அப்படிப் பலியானோரில் 84 சதவீதத்தினர் பெண்கள். பாதுகாப்புக்கென வாங்கியது யாருக்குப் பாதுகாப்பாயிற்று என்று சிந்திக்க வேண்டும்.

மனைவியைக் கேட்கும் சட்டம்

1989இல் கனடாவின் மொன்றியல் நகரில் ஒருவன் 14 பெண்களைச் சுட்டுக் கொன்றான். அதன் பின் 1995இல் வந்த துவக்குச் சட்டத்தின் கீழ், அனுமதிப்பத்திரம் கேட்பவர் தற்போதைய துணையையும், கடந்த இரண்டாண்டுகளுக்குள் பிரிந்த துணையையும் பற்றிய விபரங்களைக் கொடுக்க வேண்டும். அவர்களது கையொப்பமும் கேட்கப்படுகிறது. துணைவி ஒப்பமிடாவிட்டால், விண்ணப்பம் பற்றி அதிகாரிகள் அவருக்கு அறிவிப்பார்கள்.

நியூஸிலாந்திலும் விண்ணப்பதாரியின் துணையை அல்லது நெருங்கிய உறவினரைப் பொலிஸார் நேரில் விசாரிக்கும் வழக்கம் இருந்தது. ஆனால் 2017இல் ஒருவன் விண்ணப்பித்தபோது, அவனது சகோதரி அவுஸ்திரேலியாவில் இருந்ததால், பெரும்பாலும் இணைய விளையாட்டு மூலம் பழகிய நண்பர் ஒருவரின் வார்த்தையை அவர்கள் ஏற்றுக்கொண்டனர். 2019 மார்ச் 15ஆம் நாள் ஜும்ஆ நேரத்தில் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்கள் இரண்டில் 51 பேரை ஷஹீதாக்கியவன் அவன்தான். அனுமதி வழங்கியதில் உரிய முறை பேணப்படவில்லை என்று அரச ஆணைக்குழு 2020இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. வீட்டார் ஒருவரை நேரில் கேட்டிருந்தால் யாவும் தடுக்கப்பட்டிருக்கும் என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் கேட்க வேண்டியவரைக் கேட்காமல் விட்டது எவ்வளவு பாரதூரமானது என்பது தெளிவு.

மஷூறா செய்யுங்கள்

குழந்தையைப் பால் மறக்கச் செய்வதைக்கூடத் தாயும் தந்தையும் மனமொத்து, கலந்து பேசிச் செய்யுமாறு குர்ஆன் வழிகாட்டுகிறது. அப்படியிருக்க, உயிர் பறிக்கும் கருவியை அவளறியாமல் வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

துவக்கு அவசியமான இடத்தில் வாழும் கணவன், வாங்குமுன் மனைவியைக் கேட்கட்டும். அவள் "வேண்டாம்" என்றால் காரணத்தையும் கேட்கட்டும். உண்மையான விலையைச் சொல்லட்டும். துவக்கைப் பூட்டி, ரவைகளை வேறிடத்தில் பூட்டி வைக்கட்டும். எத்தனை துவக்குகள் உள்ளன, எங்கே உள்ளன என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாங்குபவள் மனைவியாயின் அவளுக்கும் இதே முறைதான்.

சகோதரிகளே! பயமிருந்தால் அதைப் பணப் பேச்சுக்குள் ஒளிக்காதீர்கள். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். கணவர் ஒருமுறையேனும் உங்கள் மீது கை நீட்டியவராயிருந்தால், அல்லது வாழ்க்கையை வெறுத்துப் பேசுபவராயிருந்தால், அந்த வீட்டில் துவக்கு இருக்கவே கூடாது. பெற்றோரிடமோ, நம்பகமான பெரியவர்களிடமோ, தேவையானால் பொலிஸாரிடமோ சொல்லத் தயங்காதீர்கள்.

ஒரு மனிதனைப் பற்றி அயலவருக்கும் கடைக்காரருக்கும் தெரியாதது அவனது மனைவிக்குத் தெரியும். அவளது முகம் வாடினால் அதைத் தொல்லையாக எண்ணாமல், எச்சரிக்கையாக எடுத்துக்கொள்பவனே புத்திசாலி.