"பொறுத்துப் பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள்

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போனால் நம் வயதுக்காரர்கள் முதலில் கேட்பது, "தலை நின்னுடுச்சா?" என்பதுதான். பெரும்பாலும் மூன்று, நான்கு மாதத்தில் நின்றுவிடும். நிற்காத குழந்தையைப் பார்த்து அடுத்து நாம் சொல்வதுதான் தப்பு: "சில பிள்ளைங்களுக்கு லேட்டாகும், பொறுத்துப் பாரு."

இதை நானே சொன்னவன். என் மகள் வயிற்றுப் பேரன் குறைமாதத்தில் பிறந்தவன். ஐந்தாம் மாதத்திலும் தூக்கினால் தலை பின்னால் சாயும். "உனக்கும் லேட்டாத்தாம்மா நின்னுது" என்று மகளுக்குத் தைரியம் சொன்னேன். உண்மையில் அவளுக்கு எப்போது நின்றது என்று எனக்கு ஞாபகமே இல்லை. அப்போதெல்லாம் ஆபீஸே கதி என்று கிடந்தவன் நான். என் பேச்சால் ஏழு மாதம் வீணாயிற்று. ஒரு வயதில் டாக்டர், "பெருமூளை வாதம்" என்றார்.

நான் படித்த பிரெஞ்சில் இதற்கு 'எங்ஃபிர்மிதே மோத்ரிஸ் செரெப்ரால்' என்று ஒரு பெயர் உண்டு. கீ தார்தியே என்ற மருத்துவர் வைத்தது. அசைவு பாதித்தும் அறிவு கெடாமல் இருக்கும் பிள்ளைகளை அவர் அந்தப் பெயரால் தனியே பிரித்துக் காட்டினார். தலை நிற்காத பிள்ளைக்குப் புத்தியும் இல்லை என்று முடிவுகட்டும் நம் ஊர்க்காரர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எண்ணெய் போட்டு உருவினால் கழுத்து பலப்படும் என்று நினைத்தோம். பிசியோதெரபிஸ்ட் பெண் வேறு விதமாக விளக்கினார். தலை நிற்பதற்குக் கழுத்துப் பலம் மட்டும் போதாது, சமநிலையும் வேண்டும். கண்ணும் உள்காதும் கழுத்தும் சேர்ந்து செய்கிற வேலை அது. குழந்தையை மடியிலோ பெரிய பந்தின் மேலோ உட்கார்த்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக ஒரு பக்கம் சாய்ப்பார். தலை தானே நிமிரப் பார்க்கும். அதற்கு நேரம் கொடுத்துக் காத்திருப்பார். எந்நேரமும் தலையணை முட்டுக்கொடுத்தே வைத்திருந்தால் அந்த முயற்சிக்கே வேலை இல்லாமல் போகும் என்றார். ஆனால் முறையைக் கற்றுக்கொள்ளாமல் வீட்டில் யாரும் செய்யக்கூடாது. பால் குடித்த உடனே கூடாது. வேகமாக ஆட்டவே கூடாது.

மூளையில் ஏற்பட்ட சேதம் மாறாது. குணமாக்கித் தருகிறேன் என்பவர்களை நம்பிப் பணத்தை விடாதீர்கள். ஆனால் சின்ன வயதில் மூளை பழகிக்கொள்ளும். இப்போது பேரனுக்கு மூன்று வயது. சோறு ஊட்டும் நேரம் வரை தலையை நிறுத்துகிறான். முன்போல் புரையேறுவதில்லை. என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறான். இது சின்ன விஷயமா?

அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இந்தப் பயிற்சி கிடைக்கும். தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடும் 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஃபாரம் நிரப்ப, வரிசையில் நிற்க, தினமும் மடியில் வைத்துப் பழக்க நேரம் யாரிடம் இருக்கிறது? நம்மிடம்தான். நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லையா? ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்காமல் ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.