நாக்கின் தொடுவுணர்வை எதைக் கொண்டு அளப்பது?

எங்கள் மூவாரில் காலைப் பசியாறலுக்கே சாத்தே கிடைக்கும். வாயில் போட்ட இறைச்சி எவ்வளவு பெரியது, போதுமான அளவு மென்றாகிவிட்டதா, கன்னத்தில் ஏதேனும் ஒட்டியிருக்கிறதா என்பதை நமக்குச் சொல்வது சுவை அல்ல, வாயின் தொடுவுணர்வு. கண்ணுக்கும் காதுக்கும் பரிசோதனை உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். இந்த உணர்வையும் அளக்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது.

இதை இப்போது பேசக் காரணம் உண்டு. 2030இல் மலேசியர்களில் சுமார் 15 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்திருப்பார்கள் என்று கணிக்கப்பட்டுள்ளது. பக்கவாதம் வந்தவர்களுக்கு வாயின் ஒரு பக்கம் மரத்துப்போகலாம். உணவு தங்கியிருப்பதை உணராதவருக்குப் புரையேறும் ஆபத்து அதிகம்.

1834இல் ஜெர்மானிய அறிஞர் வெபர், கவராயத்தின் இரு முனைகளைத் தோலில் வைத்துச் சோதித்தார். முதுகில் பல சென்டிமீட்டர் இடைவெளி விட்டால்தான் இரண்டு முனைகள் என்று தெரிந்தது. நாக்கு நுனிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டரே போதுமானதாக இருந்தது. பின்னர் வான் ஃபிரே மெல்லிய முடிகளால் அழுத்திச் சோதித்தார். அதன் வாரிசுதான் இன்றைய நைலான் இழை. நீரிழிவு நோயாளிகளின் பாதத்தைச் சோதிக்க 10 கிராம் விசை தரும் இழையைப் பயன்படுத்துகிறார்கள். நாக்குக்கு அது மிகவும் தடிப்பு. வழக்கமான தொகுப்பில் உள்ள ஆக மெல்லிய 0.008 கிராம் இழையைக்கூட நாக்கு நுனியில் பலர் உணர்ந்துவிடுகிறார்கள். அப்படியானால் அவர்களில் யாருக்கு உணர்வு கூர்மை என்று அந்தக் கருவியால் பிரித்துக் காட்ட முடியாது.

ஆகவே ஆய்வாளர்கள் இன்னொரு வழியையும் கையாண்டார்கள். சிறு பட்டையில் புடைத்து நிற்கும் எழுத்தை நாக்கால் தடவி, என்ன எழுத்து என்று சொல்ல வேண்டும். இங்குதான் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. அவை ரோமன் எழுத்துகள். தோட்டத்துப் பள்ளியில் தமிழ் மட்டும் படித்த ஒரு பாட்டி தவறாகச் சொன்னால், குறை நாக்கிலா, எழுத்தறிவிலா? பல மொழி பேசும் நம் நாட்டுக்கு வட்டம், முக்கோணம் போன்ற வடிவங்களே பொருத்தம். நாக்கால் தடவியதைப் படத்தில் தொட்டுக் காட்டினால் போதும். ஆனால் அதையும் நம் முதியவர்களிடம் சோதித்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

மாணவர்களே, எஸ்டிபிஎம் முடித்து மருத்துவம், பல் மருத்துவம் என்று யோசிக்கும்போது பேச்சு சிகிச்சைத் துறையையும் எண்ணிப் பாருங்கள். விழுங்குவதில் ஏற்படும் சிக்கல்களைக் கவனிப்பவர்களும் அவர்களே. வீட்டில் தாத்தா பாட்டி சாப்பிடும்போது அடிக்கடி இருமினால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.