உபாத்தியாயர் பஞ்சமும் பட்டப் புரட்டும்

அமெரிக்காவில் பள்ளிக்கூட உபாத்தியாயர்களுக்குப் பஞ்சம் என்று சில வருஷங்களாக ஒரே கூக்குரலாய் இருக்கின்றது. ராஜ்யத்துக்கு ராஜ்யம் கமிட்டி போடுகின்றார்கள், அறிக்கை எழுதுகின்றார்கள், வாலிபர்களுக்கு ஊழிய மனப்பான்மை குறைந்துவிட்டதென்று பிரசங்கமும் செய்கின்றார்கள். ஆனால் உபாத்தியாயராக வேண்டுமென்று வாசலில் வந்து நிற்பவர்களை உள்ளே விடாமல் கதவைச் சாத்திக் கொண்டிருப்பது யார் என்பதை மாத்திரம் வாய்விட்டுச் சொல்லுகின்றவர்கள் வெகு சொற்பம்.

வாசலில் நிற்பவர்கள் யார் என்று முதலில் பார்ப்போம். அந்நாட்டில் சமுதாயக் கல்லூரி என்று இரண்டு வருஷப் படிப்புக் கல்லூரிகள் ஏராளமாய் இருக்கின்றன. 1901ல் இல்லினாய் ராஜ்யத்தில் ஜோலியட் என்ற ஊரில் இதற்கு அஸ்திவாரம் போடப்பட்டது. 1947ல் ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த கமிஷன் இவற்றைப் பெருக்க வேண்டுமென்று சொன்ன பிறகு நாடெங்கும் பரவின. சம்பளம் குறைவு, வீட்டிலிருந்தே போய் வரலாம், பகலில் கூலிக்குப் போய்விட்டு இரவில் படிக்கலாம். ஆதலால் பணக்காரப் பிள்ளை தூரதேசத்துச் சர்வகலாசாலைக்குப் போக, கறுப்பர் வீட்டுப் பிள்ளையும், மெக்சிகோவிலிருந்து பிழைக்க வந்தவர் பிள்ளையும், கைக்குழந்தைக்காரியும் இங்கேதான் வந்து சேருகின்றார்கள்.

இவர்களில் ஒருத்தியை எடுத்துக் கொள்ளுங்கள். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் உதவி ஆள். ஏழைப் பிள்ளைகளுக்காக மத்திய சர்க்கார் பணம் கொடுக்கும் பள்ளிகளில் பாடம் சொல்ல உதவும் ஆட்களுக்கு இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்பாவது, அதற்கு ஈடான பரீட்சையாவது இருந்தே தீரவேண்டுமென்று 2002ல் கையெழுத்தான சட்டம் சொல்லிற்று. அப்படியே அவள் சமுதாயக் கல்லூரியில் படித்தாள். தினமும் வகுப்பில் உட்கார்ந்து, பின்தங்கிய பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லித் தருகின்றாள். பிள்ளைகளின் பாஷை அவளுக்குத் தெரியும். தாய் தகப்பன் படும்பாடும் தெரியும். இவள் உபாத்தியாயராவதற்கு என்ன தடை? நான்கு வருஷப் பட்டமும் லைசென்சும் இல்லை என்பதுதான்.

சரி, பட்டம் வாங்கிக் கொள்ளட்டுமே என்பீர்கள். அங்கேதான் புரட்டு இருக்கின்றது. இரண்டு வருஷம் படித்துச் சேர்த்த “கிரெடிட்” என்னும் பாடக் கணக்கைச் சர்வகலாசாலைக்குக் கொண்டு போனால், “இது செல்லும், இது செல்லாது” என்று அங்கே ஒரு குமாஸ்தா கழித்துக் கட்டுகின்றார். காங்கிரஸ் சபையின் கணக்குத் தணிக்கை இலாகா 2017ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2004 முதல் 2009 வரையில் கல்லூரி மாறினவர்கள் தங்கள் பாடக் கணக்கில் 100க்கு 43 பங்கை இழந்தார்கள். எல்லா வகைக் கல்லூரிகளையும் சேர்த்த மதிப்பு இது. சர்க்கார் இரண்டு வருஷக் கல்லூரியிலிருந்து சர்க்கார் நான்கு வருஷக் கல்லூரிக்குப் போனவர்களை மாத்திரம் எடுத்தாலும் 100க்கு 22 போயிற்று. அதாவது, ஒரு சர்க்கார் கொடுத்த பாடத்தை அதே சர்க்கார் ஒப்புக் கொள்ள மறுக்கின்றது! அதே புத்தகம், அதே கணக்கு, அதே சரித்திரம்; ஆனால் இன்ன வீதியில் படித்ததால் தீட்டு. இந்தப் புத்தி நமக்குப் புதிதல்ல.

சமுதாயக் கல்லூரிக்காரர்களும் இதில் சுத்தவாளிகளல்ல. குழந்தைக் கல்வி என்று ஒரு படிப்பு வைத்திருக்கின்றார்கள். அதில் இரண்டு வகை. ஒன்று சர்வகலாசாலைக்குப் போக வழி உள்ளது. மற்றொன்று நேரே வேலைக்குப் போகத்தான், மேலே செல்லாது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றே. சேருகிறபோது இன்னது இன்ன வழி என்று பிட்டுப் பிட்டுச் சொல்ல ஆள் இல்லாவிட்டால், சம்பளம் கட்டி முடித்த பிறகுதான் ஏமாந்தது தெரியவரும். முடிவு என்ன? இக்கல்லூரிகளில் சேருகிறவர்களில் மூன்றில் ஒருவர்தான் மேலே மாறுகின்றார். மாறினவர்களிலும் பாதிப் பேருக்குக் குறைவாகத்தான் ஆறு வருஷத்துக்குள் பட்டம் வாங்குகின்றார்கள்.

“தரம் குறையக் கூடாது, குழந்தைகள் விஷயமல்லவா?” என்று பெரிய மனிதர்கள் சொல்லுகின்றார்கள். பேஷ்! தரத்தை நாமும் வேண்டாமென்று சொல்லவில்லை. சமுதாயக் கல்லூரிகளில் பாதிக்கு மேற்பட்ட போதகர்கள் அரைகுறைச் சம்பளத்துக்கு மணிக்கணக்கில் வேலை செய்கின்றவர்கள் என்பதும் நமக்குத் தெரியும். அது பணம் கொடுத்துத் திருத்த வேண்டிய குறையேயன்றிக் கதவைச் சாத்துவதற்குக் காரணமாகுமா? மேலும் இந்தத் தரத்தின் யோக்கியதையைப் பாருங்கள். 2022ல் ஃப்ளாரிடாவில் ஒரு சட்டம் செய்தார்கள். பட்டாளத்தில் நான்கு வருஷம் இருந்தவர், பட்டமில்லாவிட்டாலும் 60 கிரெடிட்டும் பாடப் பரீட்சைத் தேர்ச்சியும் இருந்தால், ஐந்து வருஷத்துக்குத் தற்காலிக சர்டிபிகேட் வாங்கி உபாத்தியாயராய் வகுப்பு நடத்தலாம். 60 கிரெடிட் என்பது இரண்டு வருஷப் படிப்பு. பிள்ளைகளோடேயே காலங்கழித்த உதவிக்காரியின் அதே இரண்டு வருஷப் படிப்புக்கு மாத்திரம் அந்தச் சலுகை கிடையாது. துப்பாக்கி பிடித்த கைக்கு வராத தரக் கவலை, எழுத்துக்கூட்டிக் கொடுத்த கைக்கு மாத்திரம் ஏன் வருகின்றது என்று கேட்கின்றோம்.

நிற்க, இன்றைக்கு மேட்டுக் குடியாய் விளங்கும் சர்வகலாசாலைகள் பலவற்றின் பூர்வோத்தரம் என்ன? 1839ல் மாசசூசெட்ஸ் ராஜ்யத்து லெக்சிங்டனில் சர்க்கார் செலவில் முதல் உபாத்தியாயர் பயிற்சிப் பள்ளி திறந்தபோது முதல் நாள் வந்தவர்கள் மூன்றே பெண்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் இன்று உலகப் பிரசித்தியாயிருக்கும் சர்வகலாசாலையின் வேர், 1882ல் திறந்த ஒரு பயிற்சிப் பள்ளி. அரிசோனா ராஜ்யத்துச் சர்வகலாசாலை 1886ல் டெம்பி என்ற ஊரில் நான்கு அறைக் கட்டடத்தில் 33 மாணவர்களோடு தொடங்கின பயிற்சிப் பள்ளி. அதே அரிசோனாவில் 2021ல் சமுதாயக் கல்லூரிகளும் நான்கு வருஷப் பட்டம் கொடுக்கலாமென்று சட்டம் வந்தது. வந்ததே என்று மகிழ்வதற்குள், டெம்பி அடங்கிய ஜில்லா உட்பட இரண்டு பெரிய ஜில்லாக்களில் முதல் நான்கு வருஷம் மொத்தப் பட்டப் படிப்புகளில் 100க்கு 5க்கு மேல் கூடாது, பிறகும் 100க்கு 10ஐத் தாண்டக் கூடாது என்று வேலியும் வந்தது. அந்த நான்கறைப் பள்ளிக்கு அன்றைக்கு ஒருவன் இப்படி வேலி கட்டியிருந்தால் இன்றைய சர்வகலாசாலை எங்கே இருக்கும்? கலிபோர்னியாவிலோ, அதே 2021ம் வருஷத்துச் சட்டத்தில், சர்வகலாசாலை நடத்தும் படிப்பைச் சமுதாயக் கல்லூரி நடத்தப்படாது என்றே எழுதி விட்டார்கள். உபாத்தியாயர் பயிற்சி சர்வகலாசாலையில் இருக்கின்றது. ஆகவே அது இவர்களுக்கு எட்டாக் கனி.

இதனால் நஷ்டம் யாருக்கு? அந்நாட்டுப் பொதுப் பள்ளி உபாத்தியாயர்களில் 100க்கு சுமார் 80 பேர் வெள்ளையர். பிள்ளைகளிலோ வெள்ளையர் பாதிக்கும் குறைவு. இது தானாக வந்ததல்ல. 1954ல் பள்ளிகளில் நிறபேதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, தெற்கத்திய ராஜ்யங்கள் பிள்ளைகளை ஒன்று சேர்க்கிறோம் என்ற சாக்கில் கறுப்பர் பள்ளிகளை மூடிக் கறுப்பு உபாத்தியாயர்களை வீட்டுக்கு அனுப்பின. 1965க்குள் சுமார் 38,000 பேர் வேலை இழந்தார்கள் என்பது ஒரு மதிப்பீடு. கறுப்புப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புக்குள் ஒரே ஒரு கறுப்பு உபாத்தியாயராவது வாய்த்தால், அப்பிள்ளை பின்னால் கல்லூரிக்குப் போகும் வாய்ப்பு 100க்கு 13 பங்கு அதிகமாகின்றது என்று பொருளாதார நிபுணர்கள் கணக்கெடுத்துக் காட்டியிருக்கின்றார்கள். இது தரக் கணக்கில் சேராதா?

இவ்வளவும் தாண்டினாலும் கடைசிப் படி ஒன்று இருக்கின்றது. பள்ளியில் ஒரு பருவம் முழுவதும் பாடம் நடத்திப் பழக வேண்டும். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. சர்வகலாசாலைக்குச் சம்பளம் நாம் கட்ட வேண்டும். வீட்டு வாடகைக்கு வேறு வழியுள்ளவர்கள்தான் இதைத் தாங்க முடியும். சம்பளமில்லா உழைப்புக்குப் பயிற்சி என்று பெயர் வைத்தால் வயிறு கேட்குமா?

வழியே இல்லையென்று சொல்ல முடியாது. ஃப்ளாரிடா சர்க்கார் 2001லேயே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இரண்டு வருஷக் கல்லூரிக்கு உபாத்தியாயர் பட்டம் கொடுக்க அதிகாரம் தந்தது. அதனால் வானம் இடிந்து விழவில்லை. மேரிலாந்தில் உபாத்தியாயர் தொழிலுக்கென்றே இரண்டு வருஷப் பட்டம் வகுத்து, அதைப் பாடம் பாடமாய்க் கிளறாமல் முழுசாக ஏற்க ஏற்பாடு செய்தார்கள். டென்னசியில் 2022ல், உபாத்தியாயர் வேலையைத் தச்சு வேலை, மின்சார வேலை போலவே சம்பளத்தோடு பழகும் தொழிலாக மத்திய சர்க்காரின் தொழிலாளர் இலாகா பதிவு செய்தது. ஒரு ராஜ்யத்தில் செய்ய முடிந்தது அடுத்த ராஜ்யத்தில் ஏன் முடியாது என்பதற்கு, அரிசோனா சட்டசபையார் அந்த 100க்கு 5ஐ எந்த நூலில் கண்டுபிடித்தார்கள் என்பதிலிருந்து பதில் சொல்லத் தொடங்கட்டும்.