பேக்அப் நின்றால் ரிப்பேர் பட்டனைத் தொடாதீர்கள்

டேட்டாபேஸ் பைலுக்கு பேக்அப் எடுத்துக் கொண்டிருக்கிறீர்கள். பாதி தூரம் ஓடிய பச்சைப் பட்டை அப்படியே நின்றுவிடுகிறது. விண்டோவின் தலைப்பில் "நாட் ரெஸ்பாண்டிங்" என்று வருகிறது. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து எண்ட் டாஸ்க் கொடுக்கிறோம். அதுவும் போதாது என்று பவர் பட்டனை அழுத்துகிறோம். மறுபடியும் டேட்டாபேஸைத் திறந்தால், பைல் பழுதாகியுள்ளது, ரிப்பேர் செய்யட்டுமா என்று கேட்கிறது. யெஸ் என்கிறோம். டேட்டா போவது பெரும்பாலும் அந்த யெஸ்ஸில்தான், ஹேங் ஆனதில் அல்ல என்பது என் உறுதியான கருத்து.

முதலில் அந்த "நாட் ரெஸ்பாண்டிங்" என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஒரு விண்டோ சுமார் 5 விநாடிகள் விண்டோஸுக்குப் பதில் சொல்லாவிட்டால் இந்த வார்த்தை வந்துவிடும். புரோகிராம் செத்துவிட்டது என்று பொருள் அல்ல. வேலையில் மூழ்கியிருக்கலாம். எதற்காவது காத்திருக்கலாம். பேக்அப் என்பது அடிப்படையில் ஒரு இடத்தில் படித்து இன்னொரு இடத்தில் எழுதும் வேலை. எனவே பேக்அப் புரோகிராமை மட்டும் நடுவில் நிறுத்துவதால் மூல பைலுக்குப் பொதுவாக ஒன்றும் ஆகாது. அந்த டேட்டாபேஸில் யாரோ எழுதிக் கொண்டிருக்கும்போது அதைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராமையோ கம்ப்யூட்டரையோ நிறுத்தினால்தான் ஆபத்து.

எனக்குத் தெரிந்த ஹோமியோபதி மருத்துவர் ஒருவர் 11 ஆண்டு நோயாளிக் குறிப்புகளை ஒரே அக்செஸ் பைலில் வைத்திருந்தார். ஒரு மாலை பேக்அப் நின்றுவிட்டது. காரணம் சாதாரணமானது. வரவேற்பறைக் கம்ப்யூட்டரிலும் அதே பைல் திறந்திருந்தது. அது விடுபடட்டும் என்று பேக்அப் புரோகிராம் காத்திருந்தது. ஆனால் திரையில் ஒரு வரி தகவல் இல்லை. உதவியாளர் பொறுமை இழந்து வரவேற்பறைக் கம்ப்யூட்டரை பவர் பட்டனில் அணைத்தார். அந்த நேரம் அங்கே ஒரு ரெக்கார்ட் பதிவாகிக் கொண்டிருந்தது. பிறகு மூல பைலின் மீதே "காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்" ஓடியது. பைல் அழகாகத் திறந்தது. எல்லோருக்கும் நிம்மதி. மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது, ஏறத்தாழ இருநூறு பேரின் மருந்துக் குறிப்புகள் காலியாக இருக்கின்றன என்று. அவர்கள் வரும்போதெல்லாம் மருத்துவர் பழைய கதையை முதலில் இருந்து கேட்டு எழுதிக் கொள்கிறார்.

ரிப்பேர் என்ற பெயரே நம்மை ஏமாற்றுகிறது. படிக்க முடிந்த ரெக்கார்டுகளைப் புதிய பைலுக்கு மாற்றிவிட்டு, முடியாதவற்றை விட்டுவிடுவதும் அதன் வேலைதான். அந்தப் புதிய பைல் பழையதன் இடத்தில் வந்து உட்கார்ந்த பிறகு, விட்டுப்போனவற்றைத் தேட இடமே இல்லை. ஆகவே ரிப்பேருக்கு முன் மூல பைலை அப்படியே காப்பி செய்து வேறு டிஸ்க்கில் வையுங்கள். ரிப்பேர் அந்தக் காப்பியின் மீது நடக்கட்டும். எட்டு முறை தோற்றாலும் ஒன்பதாவது முறைக்கு மூலம் இருக்கும்.

எண்ட் டாஸ்க் கொடுக்கும் முன் இரண்டு நிமிடம் செலவழியுங்கள். ஸ்டார்ட் மெனுவில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று தேடித் திறந்து, டிஸ்க் டேபுக்குச் செல்லுங்கள். பேக்அப் புரோகிராமின் பெயருக்கு எதிரே எண்கள் மாறிக் கொண்டிருந்தால் அது வேலை செய்கிறது, விட்டுவிடுங்கள். எண்கள் அசையவே இல்லை என்றால் சிபியு டேபில் அந்தப் பெயரின் மீது ரைட் கிளிக் செய்து "அனலைஸ் வெயிட் செயின்" கொடுங்கள். இன்னொரு புரோகிராமுக்காகக் காத்திருந்தால் அதன் பெயர் பெரும்பாலும் இதில் தெரிந்துவிடும். (இவ்வளவு பயனுள்ள வசதியை இப்படி ரைட் கிளிக்குக்குள் ஒளித்து வைத்தவர்களை என்ன சொல்வது?) ஆன்டிவைரஸ், பைலை இன்டர்நெட்டுக்கு அனுப்பிக் கொண்டிருக்கும் கிளவுட் புரோகிராம், பக்கத்து அறைக் கம்ப்யூட்டர் ஆகியவைதான் வழக்கமான சந்தேக நபர்கள்.

விண்டோஸுடன் வரும் ரோபோகாப்பியைப் பயன்படுத்துவோருக்கு ஒரு தனிச் செய்தி. ஒரு பைலைக் காப்பி செய்ய முடியாவிட்டால் அது 30 விநாடி காத்திருந்து மறுபடி முயலும். நாம் வேறு எண் கொடுக்காவிட்டால் எத்தனை முறை தெரியுமா? 10 லட்சம் முறை! கணக்குப் போட்டால் ஒரே பைலுக்கு ஏறத்தாழ 347 நாட்கள். இதை ஹேங் என்று நினைப்பவரைக் குறை சொல்ல முடியுமா?

வீட்டுப் பயனாளர்கள் மட்டும்தான் இப்படி அவசரப்படுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். புரோகிராமர்களின் கோட்களைச் சேமித்துத் தரும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததை அந்த நிறுவனமே விரிவாக எழுதி வெளியிட்டது. அவர்களுடைய இரண்டாவது சர்வருக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை முழுமையாக நகல் எடுக்கும் கட்டளை, எதுவும் சொல்லாமல் நின்றது. முதல் சர்வர் தயாராகட்டும் என்று அது காத்திருந்தது. இது அப்போது யாருக்கும் புரியவில்லை. இரண்டாவது சர்வரில் உள்ள பழைய போல்டர்தான் தடை என்று நினைத்து ஒரு பொறியாளர் அதை அழிக்கக் கட்டளை கொடுத்தார். கொடுத்தது முதல் சர்வரில்! ஓரிரு விநாடிகளில் நிறுத்திவிட்டார். அதற்குள் சுமார் 300 ஜிபி போய், 4.5 ஜிபிதான் மிஞ்சியது. தினசரி பேக்அப் வைக்கும் இடத்தைத் திறந்தால் காலி. பேக்அப் எடுக்கும் புரோகிராம் 9.2 பதிப்பு, டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, அதனால் பேக்அப் தோற்றுக் கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மெயில்களும் வந்து சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காகத் தற்செயலாக எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்துப் பதிவுகள் திரும்பவில்லை.

அந்தப் பொறியாளரைத் திட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. "முதல் சர்வருக்காகக் காத்திருக்கிறேன்" என்று ஒரு வரி திரையில் வந்திருந்தால் அவர் டீ குடிக்கப் போயிருப்பார். ரிப்பேருக்கும், ரெக்கவரிக்கும் தனித்தனியாக விலை வைத்து விற்கும் சாப்ட்வேர் நிறுவனங்கள் இந்த ஒரு வரியை எழுத ஏன் சோம்பல்படுகின்றன?

சரி, பைல் ஏற்கனவே கெட்டுவிட்டது, காப்பியும் எடுத்தாகிவிட்டது. அக்செஸ் பைல் என்றால், நான் ரிப்பேருக்குப் போவதில்லை. புதிதாக ஒரு காலி டேட்டாபேஸ் உருவாக்கி, எக்ஸ்டர்னல் டேட்டா மூலம் பழைய காப்பியிலிருந்து டேபிள்களை ஒவ்வொன்றாக இம்போர்ட் செய்வேன். மொத்தமாகச் செய்தால் எது தகராறு செய்கிறது என்று தெரியாது. ஒரு டேபிள் மட்டும் வர மறுத்தால், அதைத் திறந்து பாருங்கள். கெட்ட ரெக்கார்டில் சீன எழுத்துகள் போல ஏதாவது தெரியும், அல்லது "டெலிட்டட்" என்று இருக்கும். அதன் வரிசை எண்ணைக் குறித்துக் கொண்டு, அதற்கு முன் உள்ளவற்றை ஒரு அப்பெண்ட் குவெரியிலும், பின் உள்ளவற்றை இன்னொன்றிலும் புதிய டேபிளுக்கு அனுப்புங்கள். பல ஆயிரம் ரெக்கார்டுகளில் ஒன்றிரண்டோடு இழப்பு நின்றுவிடும். எதை இழந்தோம் என்பதும் தெரிந்திருக்கும். அந்த மருத்துவருக்கு இந்த வாய்ப்புதான் இல்லாமல் போயிற்று.

காப்பியே எடுக்க முடியவில்லை, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் விஷயம் வேறு. டேட்டாபேஸை விடுங்கள், ஹார்ட் டிஸ்க்கைக் கவனியுங்கள். படிக்க முடியாத இடத்தை டிஸ்க் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறது. நமக்கு அது ஹேங். ஈவண்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில், டிஸ்க் என்ற பெயரில் 7 அல்லது 153 எண்ணுள்ள பதிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 7 என்றால் பேட் பிளாக். 153 என்றால் படித்ததையே மீண்டும் படிக்க வேண்டியிருந்தது. உடனே செக்டிஸ்க் ஓட்டச் சொல்லும் நண்பர்கள் நிறைய. அதுவும் ஒரு ரிப்பேர்தான், டிஸ்க்கில் எழுதும். நோயுற்ற டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓட வைக்கும். டிடிரெஸ்க்யூ என்ற இலவச புரோகிராம் லினக்ஸில் கிடைக்கிறது. படிக்க முடிந்த இடங்களை எல்லாம் முதலில் இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிட்டு, அதன் பிறகே தகராறு செய்யும் இடங்களுக்குத் திரும்பி வரும். இடையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நகல் முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, செக்டிஸ்க்கை அந்த நகலின் இன்னொரு நகலில் ஓட்டிப் பாருங்கள்.