மூட வேண்டியது பின்னூட்டப் பகுதியைத்தான்

ஆஸ்திரேலியாவில் 16 வயது நிரம்பாதோர் முக்கிய சமூக வலைதளங்களில் கணக்கு வைத்திருக்க 2025 டிசம்பர் 10 முதல் தடை. இந்தியாவிலும் அதேபோன்ற தடை வேண்டும் என்ற குரல் வலுத்துவருகிறது. இணைய வசையிலிருந்து பிள்ளைகளைக் காப்பதே நோக்கம் என்கிறார்கள். நோக்கத்தில் குறையில்லை, வழிதான் தவறு. வசைக்கு ஆளாகிறவரை வெளியேற்றிவிட்டு, வசைபாடுபவரை அப்படியே விட்டுவைக்கும் சட்டம் யாரையும் காக்காது.

காஷ்மீரின் ‘பிரகாஷ்’ இசைக்குழுவுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 2012 டிசம்பரில் ஸ்ரீநகரில் நடந்த இசைப் போட்டியில் பத்தாம் வகுப்பு மாணவிகள் மூவர் கிடாரும் டிரம்ஸுமாக மேடையேறினார்கள். சில வாரங்களில் அவர்களின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஆபாச வசையும் பாலியல் வன்முறை மிரட்டலும் குவிந்தன. முதல்வர் உமர் அப்துல்லா ஆதரவாகப் பேசினார். காவல் துறை சிலரைக் கைதும் செய்தது. தலைமை முஃப்தியும் எதிர்த்த நிலையில், 2013 பிப்ரவரியில் குழு கலைந்தது. அன்று வயதுத் தடை இருந்திருந்தால் மாணவிகளின் பக்கம்தான் முதலில் மறைந்திருக்கும். மேடையில் அவர்கள் வாசித்த காணொளியோ பிறர் கணக்குகளில் சுற்றியிருக்கும், அதே வசைகளோடு.

பின்னூட்டப் பகுதியை மூடுவதே வழி என்ற பாடத்தைத் தென்கொரியா உயிர்களைப் பறிகொடுத்துக் கற்றது. பெரிய தளங்களில் பின்னூட்டம் இடுவோர் அடையாளத்தை நிரூபிக்க வேண்டும் என்று 2007இல் அங்கே விதி வந்தது. 2012இல் அரசமைப்பு நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. 15 வயதில் ‘எஃப்எக்ஸ்’ குழுவில் அறிமுகமாகி, ஓயாத வசைக்கு ஆளான பாடகி சல்லி, 2019 அக்டோபரில் 25 வயதில் இறந்தார். அதே மாதம் ‘டாவும்’ தளம் பொழுதுபோக்குச் செய்திகளின் பின்னூட்டப் பகுதியை மூடியது. 2020 மார்ச்சில் ‘நேவர்’ தளமும் மூடியது. இதற்கு யாருடைய வயதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. யூடியூபும் 2019 பிப்ரவரியில், சிறார் காணொளிகளின் கீழ் வக்கிரமான பின்னூட்டங்கள் அம்பலமாகி விளம்பரதாரர்கள் விலகியதும், அத்தகைய காணொளிகள் பெரும்பாலானவற்றில் பின்னூட்டத்தை நிறுத்தியது. வருமானத்துக்கு ஆபத்து வந்தபோது முடிந்த காரியம், பிள்ளைகளின் மானத்துக்கு ஆபத்து வரும்போது மட்டும் முடியாதா? தொழில்நுட்பத்தால் இது முடியாது என்று வாதிடுகிறவர்கள் நிறுவனங்களின் லாபத்துக்காகவே வாதாடுகிறார்கள்.

கருத்துச் சுதந்திரம் போய்விடும் என்பது அடுத்த வாதம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015இல் உச்ச நீதிமன்றம் நீக்கியதற்குக் காரணம் அதன் தெளிவற்ற சொற்கள். மிரட்டல் அன்றும் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆவது பிரிவின்படி இன்றும் குற்றம். ஒரு சிறுமியின் பாட்டுக்குக் கீழேயே எழுதும் உரிமை யாருக்கும் தரப்படவில்லை. வசைபாடுவோர் வேறு இடம் தேடிப் போவார்கள் என்கிறார்கள். போகட்டும், அவள் கண்முன்னே கூட்டம் சேர்க்க முடியாதல்லவா?

சிறார் கலைஞர்களின் பக்கங்களில் பின்னூட்டம் தொடக்கத்திலேயே மூடியிருக்க வேண்டும். அதைத் திறப்பது அவர்கள் விருப்பம். மீறும் தளங்களுக்குக் கடும் அபராதம் வேண்டும். இந்த ஒரு விதியே இணைய வசையின் முதுகெலும்பை முறித்துவிடும். வயதுத் தடை பற்றிய பேச்சைக் கைவிட்டு, மத்திய அரசு இதை உடனே சட்டமாக்க வேண்டும்.