முதியோர் மௌனம்

சந்தாபுராவில் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் ஊரிலிருந்த வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளுடன் வந்த பெரியோர் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் பேச்சைக் குறைத்து, உணவைக் குறைத்து, சுவரை நோக்கி அமர்ந்துவிட்டால், "வயதாகிவிட்டது" என்று கூறி நாம் அலுவலுக்குப் புறப்பட்டுவிடுகிறோம். 86 வயதான நம் பாட்டியார் திறத்தில் நாமும் ஆறு திங்கள் அவ்வாறே இருந்தோம். அதனை நினைக்க இன்று நாணுகிறோம்.

மனச்சோர்வு முதுமையின் இயல்பன்று. அது மருத்துவத்தால் தணியக்கூடிய நோய். ஆயினும் மிக முதிர்ந்தோரிடத்து அதனைக் கண்டறிதல் எளிதன்று. உறக்கமின்மையும் பசியின்மையும் அவர்களுக்கு மூட்டுவலியாலும் வரலாம். உட்கொள்ளும் மருந்தாலும் வரலாம். ஆகவே, உடற்குறிகளைப் பெரும்பாலும் விடுத்து, மனநிலையையே வினவும் 30 வினாக்களை அமெரிக்க அறிஞர் யெசவேஜ் முதலியோர் 1982-இல் வகுத்தனர். 1986-இல் அவை 15 ஆகச் சுருங்கின. 'ஆம்', 'இல்லை' என்பனவே விடைகள். மதிப்பெண் 5-ஐக் கடந்தால் ஐயுறல் வேண்டும். இதன் தமிழ் வடிவத்தைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டனர்.

இவ்வளவுகோல் ஐயத்தை எழுப்புமேயன்றி நோயை முடிவு செய்யாது. செவிக்குறை, தைராய்டுக் குறை, மறதிநோய் ஆகியவற்றையும் மருத்துவர் ஆராய்தல் வேண்டும். நினைவு பெரிதும் தேய்ந்தோரிடத்து, உடனிருப்போர் கண்டவற்றையும் கேட்டறிதல் வேண்டும்.

பாட்டியாரிடம் மருத்துவர் வினவியபோது, "அவருக்கு ஒரு குறையுமில்லை" என்று நாமே முந்திக்கொண்டு விடையிறுத்தோம். மருத்துவர் நம்மை வெளியே இருக்கச் செய்து, தமிழறிந்த செவிலியரைக் கொண்டு மீண்டும் கேட்டார். "நான் இருந்து யாருக்கு என்னம்மா பிரயோசனம்?" என்றாராம் பாட்டியார். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் அச்சொல் நம் செவியில் விழவில்லை!

இவ்வாறு கூறுவோரிடம், சாவைப் பற்றி எண்ணுகிறீர்களா என்று நேரே கேட்க அஞ்சற்க. கேட்பதால் அவ்வெண்ணம் பிறப்பதில்லை. மறைத்த துயரமே வெளிப்படும். உடனே உதவி நாடுக. நமது ஓசூர்ச் சாலையிலேயே நிம்ஹான்ஸ் உள்ளது. 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம்.

இப்போது பாட்டியார் வாயிலில் நின்று, கீரை விற்கும் அம்மையாரிடம் தமிழும் கன்னடமும் கலந்து விலை பேசுகிறார். அன்பர்களே, இன்று மாலை உங்கள் இல்லத்துப் பெரியவர் அருகே சற்று அமருங்கள். கேள்வியை நீங்கள் கேளுங்கள். விடையை அவருக்கே விட்டுவிடுங்கள்.